பேச்சிக்கனியைப் பார்க்க வந்த வீடு

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, அதாவது பார்வையாளர் நாள், காலை பதினொரு மணி சுமாருக்குப் பேச்சிக்கனியைப் பார்க்க அவளுடைய வீடு வந்தது.

தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலும் முறுக்குப் பொட்டலமுமாக பெண் பிள்ளைகள் இல்லத்தின் கேட்டுக்கு வெளியே காத்துக்கிடந்த அம்மாக்கள், சித்திகள், மாமன்களின் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றது. ஒற்றை அறையும் ஒட்டினாற்போல் ஓர் அடுப்படியும் உள்ள காங்கிரீட் தொகுப்பு வீடு. நத்தமேட்டுக் காலனியிலிருந்து பதினொரு நாள் நடந்து, நாற்கரச் சாலையில் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டு, ஊருணிக் கரைகளில் நின்று நின்று வந்ததில், கீழ்ச்சுவர் முழுக்கக் கரிசலும் செம்மண்ணும் அப்பி, அஸ்திவாரக் கல்லில் நாலைந்து வழியிலேயே உதிர்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முன்னால் நின்ற பெண் திரும்பி, "எங்கருந்து வாறிய?" என்று கேட்டாள். கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, பாவம், அசதியாக இருக்கும் என்று அதற்குமேல் பேச்சுக் கொடுக்கவில்லை.

காவலாளி செல்லையாவுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். குடித்துவிட்டு வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுத அப்பன்களையும், மகளைப் பார்க்க வந்துவிட்டு அவள் பெயரை மாற்றிச் சொன்ன அம்மாக்களையும் பார்த்தவர். யார் வந்தாலும் எது வந்தாலும் அவர் நோட்டில் மூன்றே கட்டங்கள்தான்: வந்தவர் பெயர், பிள்ளைக்கு என்ன உறவு, அடையாள அட்டை எண். முதல் கட்டத்தில் ‘வீடு’ என்று எழுதினார். இரண்டாவதில் என்ன எழுதுவதென்று கொஞ்சம் யோசித்து, அங்கேயும் ‘வீடு’ என்றே எழுதினார். மூன்றாவதில், நிலைக்கு மேலே சிவப்புப் பெயிண்டில் இருந்த கதவு எண்ணைப் பார்த்து 2/47 என்று எழுதி முடித்தார்.

பார்வையாளர் கொண்டுவரும் பொருளைச் சோதித்துத்தான் உள்ளே விட வேண்டும். பேச்சிக்கனி வந்து சேர்ந்த அன்று அவள் கையிலிருந்து வாங்கி, கவரில் போட்டு, ஆபீஸ் பீரோவில் வைத்திருந்த சாவியை வார்டன் விஜிலா எடுத்து வந்து திறந்தாள். அரிவாள்மனை, மண்ணெண்ணெய்க் கேன், கொடிக்கயிறு, பாதி டப்பா மிளகாய்ப்பொடி எல்லாம் வெளியே எடுத்து வைக்கப்பட்டன. பிறகு வீட்டைப் பார்த்து, "இருவது நிமிசம்தான், பாத்துக்கிடுங்க" என்று பொதுவாகச் சொன்னாள். பார்வையாளர் கொட்டகைக்குள் அது நுழையாது என்பதால் வேப்பமரத்தடியில் நிற்க அனுமதித்தார்கள்.

பேச்சிக்கனிக்குப் பதினைந்து வயது. அந்த இல்லத்துக்கு அவள் வந்து பத்து மாதம் ஆகிறது. அதற்கு முன் கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். அப்பா இல்லை. அம்மா மாரிக்கனி கொல்லத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போயிருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவாள். ஒரு நாள் ஜீப்பில் வந்தவர்கள் பேச்சிக்கனியையும் இன்னும் நாலு பிள்ளைகளையும் காப்பாற்றினார்கள். காப்பாற்ற வந்தவர்களிடமிருந்து தப்பிப்பதற்கு இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. "வீட்டுல யார் இருக்கா?" என்று கேட்டார்கள். "நான் இருக்கேன்" என்றாள். "பெரியவங்க?" "அம்மா கொல்லத்துல." அதிகாரி ‘யாரும் இல்லை’ என்று எழுதிக்கொண்டார். மற்ற நாலு பேரும் ஒரு வாரத்தில் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அவளை மட்டும், பக்கத்து ஊர் இல்லத்தில் இடமில்லை என்று, இரண்டு மாவட்டம் தள்ளி இங்கே கொண்டுவந்து விட்டார்கள்.

இங்கே தப்பு ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் அலுப்பு. அடிப்பதில்லை, பட்டினி போடுவதில்லை. ஐந்தரைக்கு மணி, குளிக்க வரிசை, இட்லிக்கு வரிசை, ஒரே துணிப் பேலில் வெட்டிய ஒரே மாதிரிச் சுடிதார், ஞாயிற்றுக்கிழமை பேன் மருந்து, ஒரு நாளைக்கு நாலு தடவை தலை எண்ணிக்கை. எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்" என்றால் போதும், அதற்குமேல் யாரும் எதையும் கேட்பதில்லை. நாற்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஆர்டர், ஆர்டர் என்று, வீட்டுக்கு அனுப்பச் சொல்லும் ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் இல்லத்துக் கூடத்தில் குழந்தைகள் நலக் குழு கூடும். யாராவது ஒருத்திக்கு ஆர்டர் வரும். அவள் பக்கெட்டை இன்னொருத்தி எடுத்துக்கொள்வாள். மாரிக்கனி ஒருதரம் வந்தாள். முந்திரிக் கம்பெனியில் லீவு கிடைத்தது மூன்றாவது சனிக்கிழமை. பார்வையாளர் நாள் இரண்டாவது சனிக்கிழமை. சாயங்காலம் வரை கேட்டில் இருந்துவிட்டுக் கொல்லத்துக்கே திரும்பிப் போனாள்.

இப்போது பேச்சிக்கனி வேப்பமரத்தடிக்கு வந்து, நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய், செய்த முதல் காரியம் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டதுதான். பத்து மாதத்தில் அவள் ஒரு தாழ்ப்பாளைத் தொட்டதில்லை. இல்லத்தில் எந்தக் கதவுக்கும் உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. குளியலறைக்குக்கூடப் பாதிக் கதவுதான், தலையும் காலும் வார்டனுக்குத் தெரிய வேண்டும். கொடியில் கிடந்த அம்மாவின் நீலச் சேலை, கயிறு போனதால், தரையில் கிடந்தது. காலண்டர் அவளைப் பிடித்துக்கொண்டு போன மாதத்திலேயே நின்றிருந்தது. அவள் சுவரில் கையை வைத்து, "அம்புட்டுத் தூரம் நடந்தா வந்தே?" என்று கேட்டாள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. பள்ளிக்கூடத்து ரிசல்ட்டு, மேலத்தெரு நாய் குட்டி போட்டது என்று அதற்குத் தெரிந்திருக்கக்கூடியதை எல்லாம் அவளே கேட்டு அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இருபதாவது நிமிஷத்தில் விஜிலா கதவைத் தட்டினாள்.

மற்றப் பார்வையாளர்கள் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். வீடு போகவில்லை.

போகச் சொல்லி விஜிலா இரண்டு தடவை சொன்னாள், செல்லையா விசில் ஊதிப் பார்த்தார். காலுள்ளதை வெளியே தள்ளலாம், வீட்டை யார் தள்ளுவது? சூப்பிரண்டு அமலோற்பவம் மேடத்துக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம், சர்க்கரை நோய், வீங்கின கால்கள். ஆபீஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "நிக்கட்டும். திங்கக்கிழமை எழுதிக் கேப்போம்" என்றார்.

திங்கட்கிழமை எழுதிக் கேட்டார். ‘வீடு ஒன்று இல்ல வளாகத்துக்கு வந்து நிற்கிறது, போக மறுக்கிறது, மேல் நடவடிக்கைக்கு உத்தரவு வேண்டும்.’ பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளில் நடந்ததைப் பிள்ளைகள் பிற்பாடு ஒரு திருவிழாவைப்போலப் பேசிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பேன் மருந்து வரிசையில் நின்றவள் ஒருத்தி, "ஏட்டி பேச்சி, ஒரு அஞ்சு நிமிசம் உள்ள போய்க் கதவச் சாத்திக்கிடட்டா?" என்று கேட்டாள். போனாள், சாத்தினாள், ஐந்து நிமிஷம் கழித்து வேறு முகத்தோடு வந்தாள். அப்புறம் வரிசை வேப்பமரத்தடிக்கு மாறியது. உள்ளே போய் ஒருத்தி அழுதாள், ஒருத்தி அவசரப்படாமல் துணி மாற்றினாள், ஒருத்தி வாய்விட்டு யாரையோ திட்டினாள், ஒருத்தி ஒன்றுமே செய்யாமல் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாகவே இருந்தாள். வீடு எல்லாருக்கும் இடம் கொடுத்தது. பேச்சிக்கனிக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

அவளுக்கு அடுத்த பாயில் படுக்கும் ஷாகிரா மட்டும் போகவில்லை. அவள் ஆறு வருஷமாக இங்கே இருக்கிறாள்.

"நீயும் போயேன்" என்றாள் பேச்சிக்கனி.

"எனக்கு வேண்டாம்டீ. பழகிட்டா கஷ்டம்."

"ஒங்க வீடும் ஒரு நாள் வரும், பாரேன்."

"எங்களது வாடகை வீடு" என்றாள் ஷாகிரா. "இப்ப இருக்கவங்க பிள்ளையப் பாக்கத்தான் போவும்."

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. வீட்டின் புகைப்படம் மூன்று பிரதி, யாருடன் வந்தது, வயது என்ன, இவ்வளவும் தெரிவிக்க வேண்டும். அமலோற்பவம் மேடம் காலை இழுத்து இழுத்து நடந்து வேப்பமரத்தடிக்குப் போய், வாசலுக்கு மேலே சிமெண்டில் பொறித்திருந்த வருஷத்தைப் படித்தார். விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். பதினைந்து. பேச்சிக்கனி பிறந்த வருஷம் கட்டிக் கொடுத்தது. தன்னந்தனியாக வந்திருக்கிறது, கூடப் பெரியவர்கள் இல்லை, பதினெட்டு நிரம்பவில்லை. அந்த அம்மாளுக்கு முப்பத்தைந்து வருஷமாகத் தெரிந்தது ஒரே ஒரு விதி. அதன்படிதான் செய்தார். சேர்க்கைப் பதிவேட்டில் வீட்டுக்கு ஒரு எண் போட்டு, இல்லத்தின் பராமரிப்பில் சேர்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தலை எண்ணிக்கையில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குப் பிறகு விஜிலா வேப்பமரத்தடியைப் பார்த்து "நாப்பத்தொம்பது" என்று டிக் அடித்தாள்.

சேர்ந்த பிள்ளைக்கு என்னென்ன செய்வார்களோ அதெல்லாம் வீட்டுக்கும் செய்தார்கள். முதலில் குளிப்பாட்டல்: பினாயில் தண்ணீர் விட்டு உள்ளும் புறமும் கழுவினார்கள், பதினொரு நாள் வழி மண்ணும் போயிற்று, பதினைந்து வருஷ அடுப்புக்கரியும் போயிற்று. பிறகு சீருடை: இல்லத்துச் சுவருக்கு அடித்து மிஞ்சிய சந்தனக் கலரும் மெரூன் கலரும் அடித்தார்கள், கதவு எண் அதற்குள் மறைந்தது. சொந்த உடைமைகள் கவருக்குள்: நீலச் சேலை, காலண்டர், பூட்டு. கடைசியில் தச்சர் வந்தார். உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் வசதி பிள்ளைகளின் பாதுகாப்புக்குக் கேடு என்று, தாழ்ப்பாளை நாலு திருகாணியோடு கழற்றி ஆபீசில் கொடுத்துவிட்டுப் போனார். தச்சர் வேலை செய்த நேரம் பிள்ளைகள் சோற்று வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஐந்து நிமிஷத்துக்காக யாரும் அங்கே வரிசையில் நிற்கவில்லை. சும்மா சாத்தின கதவு எல்லாக் கதவையும் போலத்தான் என்று ஆகிவிட்டது. பேச்சிக்கனி மட்டும் போனாள். உள்ளே படுக்கைக் கூடத்து வாசனையே அடித்தது. சுவரில் கை வைத்தால் பழைய வெதுவெதுப்பு இல்லை. அதைவிடக் கொடுமை, காலையில் ஐந்தரை மணி அடித்ததும் அதன் ஜன்னல்கள் தாமாகத் திறந்துகொண்டன. சாய்ந்து நின்ற வீடு எண்ணிக்கை நேரத்தில் நிமிர்ந்து நின்றது. யார் என்ன செய்தாலும் நின்றது. சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று அது சொல்லாததுதான் குறை. தன்னைப் பார்க்க வந்ததால்தான் அது மாட்டிக்கொண்டது என்று நினைத்தாள். பத்து மாதத்தில் தனக்கும் இப்படித்தான் ஆகியிருக்கும், தனக்குத்தான் தெரியவில்லை என்றும் தோன்றியது.

இது இப்படி இருக்க, நத்தமேட்டுக் காலனியில் விசாரணை நடந்தது. பிள்ளையைத் திருப்பி அனுப்பும் முன் அவள் வீட்டை நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும். விசாரணை அதிகாரி தனுஷ்கோடி சாரின் மேசையில் பேச்சிக்கனியின் காகிதம் எட்டு மாதம் கிடந்து, ஒரு வழியாக மேலே வந்து, அவர் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது 2/46 இருந்தது, 2/48 இருந்தது. நடுவில் சதுரமாகக் கொஞ்சம் வெற்று மண்.

"வீடு எங்கம்மா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்.

"அது பிள்ளையப் பாக்கப் போயிருக்குல்லா" என்றாள் அந்த வீட்டுக்காரி. "அம்மைக்கும் லீவு கிடைக்கல. நாமளாவது போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வருவோம்னு கிளம்பிட்டு. வந்துரும், இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போலாம்."

தனுஷ்கோடி சார் நேர்மையானவர். காப்பி குடிக்கவில்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்: ‘கொடுக்கப்பட்ட முகவரியில் வீடு இல்லை.’

அடுத்த செவ்வாய்க்கிழமை குழு கூடியது. மாரிக்கனி முந்திரிக் கம்பெனியை அடியோடு விட்டுவிட்டு, ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அதிகாரியின் கையெழுத்து, தீப்பெட்டி ஆபீசுக்கு இனி அனுப்ப மாட்டேன் என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். பேச்சிக்கனி கதவோரம் நின்றாள். குழுத் தலைவி ஒவ்வொரு காகிதமாகப் புரட்டி, "எல்லாம் சரியா இருக்கும்மா. வீடு எங்கே?" என்று கேட்டார்.

"அந்தா நிக்கில்லா" என்று மாரிக்கனி ஜன்னலைக் காட்டினாள்.

தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியைப் பார்த்தார். அமலோற்பவம் மேடம் எழுந்து, "அது எங்க பராமரிப்புல இருக்குது மேடம். நாப்பத்தொம்பதாவது" என்றார். பதிவேடு வந்தது. கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருந்தன. இல்லத்தின் பொறுப்பில் உள்ளதை இன்னொருவரின் வீடு என்று எப்படிக் காட்டுவது? வீட்டைப் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம் என்றால் வீட்டுக்கு ஏது பெற்றோர்? குழுவினர் நாலு பேரும் நல்லவர்கள்; மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகிற வரை பேசினார்கள். கடைசியில் தலைவி சொன்னார்: "மூணு வாரம் டைம் தர்றேன். தேதி போட்டு மறுபடி விசாரணைக்கு அனுப்பறேன். அன்னைக்கு அந்த முகவரியில வீடு நிக்கணும். இல்லேன்னா பதினெட்டு வயசு வரைக்கும் இங்கேதான்னு ஆர்டர் போடறதத் தவிர எனக்கு வேற வழியில்லை."

மாரிக்கனி மகளைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். அன்று இரண்டாவது சனிக்கிழமை இல்லை. "நான் போய் நம்ம எடத்துல காத்துக் கெடக்கேன். நீ அத அனுப்பி வையிட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டைச் சொந்த மாவட்டத்துக்கு இடமாற்றம் செய்ய அமலோற்பவம் மேடம் ஆர்டர் வாங்கினார். யாரும் படித்துப் பார்க்காததால் அது ஐந்தே நாளில் கிடைத்தது. இடம் மாறுகிற பிள்ளையோடு பெண் காவலர் ஒருவர் போக வேண்டும் என்பது விதி. சுபாஷிணி என்ற கான்ஸ்டபிள் வந்து, மாற்றுத்துணிப் பையைக் கீழே வைத்து, வீட்டுக்குள்ளே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கேட் இரண்டு பக்கமும் திறந்தது. வீடு அசையவில்லை. செல்லையா சொல்லிப் பார்த்தார், விஜிலா சொல்லிப் பார்த்தாள். ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. நடக்கப் பதினொரு நாள் வேண்டும். விசாரணைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அமலோற்பவம் மேடம் பேச்சிக்கனியைக் கூப்பிட்டனுப்பினார். "நாங்க சொன்னா அது கேக்காது. நீதான் போகச் சொல்லணும்" என்றார். பிறகு கேட் இருந்த பக்கம் கண்ணைக் காட்டி, "ஏறிக் கூடப் போயிரலாம்னு நெனைக்காதே. ஓடிப்போன கேஸ் ஆயிரும். முதல்லருந்து ஆரம்பிப்பாங்க" என்றார். அந்த அம்மாள் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

பேச்சிக்கனி அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வேப்பமரத்தடி வரை அதைத்தான் நினைத்துக்கொண்டு போனாள்.

"போ" என்றாள் வீட்டிடம். "நீ அங்க போய் நின்னாத்தான் என்ன விடுவாவளாம். இங்க நின்னா எனக்கும் வீடு இல்ல, ஒனக்கும் ஆளு இல்ல. கேக்கா?"

வீடு நின்றது. நிமிர்ந்து, எண்ணிக்கைக்கு நிற்கிற மாதிரியே நின்றது.

"போயேன். நான் வாரேன். சத்தியமா வாரேன்."

அதற்கும் அசையவில்லை. கதவு மட்டும் அவள் பக்கமாக மெல்லத் திறந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழுகையோடு கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியாத பத்து மாதக் கோபம். உள்ளங்கையால் அந்த மெரூன் சுவரில் ஓங்கி அறைந்தாள். "போன்னா போ! ஒன்ன யாரு வரச் சொன்னா? ஒன்னால எனக்குக் கெடச்சது என்ன? மூஞ்சில முழிக்காத, போ!" அறைந்துவிட்டு, சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி, படுக்கைக் கூடத்தைப் பார்த்து நடந்தாள். கொல்லத்துக்குப் பஸ் ஏறிய அன்று அம்மா ஏன் அப்படித் திட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள் என்பது அவளுக்கு அந்தப் பத்தடிக்குள் விளங்கிப்போயிற்று. பின்னால் மண் நெரிகிற சத்தம் கேட்டது. கான்ஸ்டபிள் சுபாஷிணி "ஐயோ, மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே போவதும் கேட்டது.

அன்றே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம், தரைப்பாலம் மூழ்கிவிட்டது, பஸ்ஸெல்லாம் சுற்றிப் போகிறது என்று செல்லையா பேப்பரில் பார்த்துச் சொன்னார். பிள்ளைகள் இட்லி வரிசையில் நின்றபடி, இன்றைக்கு எங்கே போயிருக்கும், எந்த ஊர் ஊருணியில் நிற்கும் என்று கணக்குப் போட்டார்கள். பேச்சிக்கனி கணக்குப் போடவில்லை. திட்டியது திட்டியதுதான், அது நேரே நத்தமேட்டுக்குத்தான் போகும் என்று என்ன நிச்சயம்? ரோஷப்பட்டு வேறு எங்கேயாவது, வீடில்லாத யாரிடமாவது போய் நின்றுவிட்டால் அதைத் தப்புச் சொல்ல முடியுமா? வேப்பமரத்தடியில் சதுரமாகக் கிடந்த தடத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. விசாரணைத் தேதி வந்தது, போயிற்று. யாரும் எந்தச் செய்தியும் சொல்லவில்லை. இந்த மாதிரி இடத்தில் செய்தி என்பது செவ்வாய்க்கிழமைதான் வரும்.

செவ்வாய்க்கிழமை காலை ஷாகிரா அவளுக்கு எண்ணெய் வைத்து இறுக்கி இரட்டைச் சடை போட்டுவிட்டாள். "நல்ல சேதின்னா ஒன் பக்கெட்ட வேற யாருக்கும் குடுத்துராத. எனக்கு வேணும்" என்றாள்.

மாரிக்கனி கூடத்தின் மூலையில் நின்றாள். சேலைக் கரை முழங்கால் வரை சகதி. பேச்சிக்கனி அவள் முகத்தைப் பார்த்து ஏதாவது கண்டுபிடிக்கப் பார்த்தாள். அம்மா குழுத் தலைவியின் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவி வாசித்தார். ‘விசாரணைக்குச் சென்ற நேரம் காலை பதினொன்றரை. முகவரியில் வீடு உள்ளது. வீடு நனைந்திருந்தது. தாயார் உள்ளார். காவலர் ஒருவர் உள்ளே நாற்காலியில் உறங்கிக்கொண்டிருந்தார்.’ கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் கத்திவிட்டார்கள், விஜிலா ஓடிப்போய் அதட்டினாள். தலைவி மேலே வாசித்து, முகம் சுருங்கி நிறுத்தினார். ‘கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. பெண் பிள்ளை தங்குவதற்குப் பாதுகாப்பற்றது. பரிந்துரைக்க இயலவில்லை.’

அமலோற்பவம் மேடம் தன் வீங்கின கால்களை ஊன்றி எழுந்தார். "தாழ்ப்பாள் இருந்துச்சு மேடம்" என்றார். "பாதுகாப்புக்குன்னு நான்தான் கழட்டச் சொன்னேன். ஆபீஸ் பீரோவுல கவர்ல இருக்கு. நாலு திருகாணியும் இருக்கு." சொல்லிவிட்டு உட்காராமல், தண்டனைக்கு நிற்கிற பிள்ளையைப்போல நின்றார். தலைவி அவரையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தனுஷ்கோடி சாரின் கடைசி வரியை அடித்து, ஓரத்தில் சிறியதாகக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு பாரத்தில் மிச்சமிருந்த ஒரே கட்டத்துக்கு வந்தார். "பேச்சிக்கனி, வீட்டுக்குப் போக உனக்கு விருப்பமா?"

பாரத்தில் அது பதினேழாவது கேள்வி. காப்பாற்றிய நாளிலிருந்து இந்த நிமிஷம் வரை அதை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை.

"சரிங்க மேடம்" என்றாள் பேச்சிக்கனி.

"சரின்னு இல்லம்மா. விருப்பம் இருக்கா, இல்லையா? உன் வாயால சொல்லணும்."

"சரிங்க மேடம்."

அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. பயம் இல்லை, வெட்கம் இல்லை. வேண்டும் என்று சொல்கிற இடம் உள்ளே எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மூலையில் அம்மாவின் உதடுகள் ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு என்று அசைந்தன. எழுத்தர் பேனாவைக் காகிதத்தின் மேல் பிடித்துக்கொண்டிருந்தார். தலைவி மூன்றாவது தடவையும் கேட்டார். இந்தத் தடவை பாரத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டார். "இங்கேருந்து போனா என்ன செய்யணும்னு தோணுது, அதச் சொல்லேன்."

பேச்சிக்கனி, வந்த நாளிலிருந்து இறக்கி வைக்க இடம் கிடைக்காத எதையோ இறக்கி வைக்கிறவளைப்போலத் தோள் தளர்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு உறக்கம் வருது மேடம். எங்க வீட்டுல போய் உறங்கணும்."

எழுத்தர் என்ன எழுதுவதென்று தெரியாமல் தலைவியைப் பார்த்தார். தலைவி பாரத்தைத் தன் பக்கம் இழுத்து, பதினேழாவது கட்டத்தில், ‘ஆம்’ என்று தானே எழுதினார்.